மோர்ஓவர் போட்டு மோசம் போன கதை

லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. மூணாவது தடவையும் அதே 6. நைட் ட்யூட்டி முடிச்சுட்டு வந்து ஹாஸ்டல் மொட்டமாடில நின்னுதான் ஐஎல்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சையோட ரிசல்ட் பாத்தேன், ரூம்ல நெட் எடுக்காது. யூகேல நர்ஸா பதிவு பண்ண, அங்க நர்ஸுங்கள பதிவு பண்ற கவுன்சில் என்எம்சி கேக்குறது ரைட்டிங்ல 6.5, மத்த மூணுலயும் 7. அந்த அரை மார்க்குக்காக மூணு தடவ எழுதிருக்கேன். 2023-ல ஒரு தடவைக்கு கட்டணம் மட்டும் 16,000-க்கு மேல. கோச்சிங் 14,000. ரெண்டாவது தடவ என்னால நம்பவே முடியாம மறுமதிப்பீட்டுக்கு வேற போட்டேன், ஸ்கோர் மாறுனா கட்டின காசு திரும்பி வரும், எனக்கு மாறல, அதுவும் போச்சு. கூட்டிப் பாத்தா முக்கா லட்சம் கிட்ட வருது, அப்ப என் சம்பளம் 19,000. இதுக்கு நடுவுல கைக்கு வந்த ஒரு வேலை ஆஃபர் வேற காலாவதி ஆச்சு. மருத்துவத் துறைக்காரங்களுக்குன்னே இருக்குற ஓஇடி இங்கிலீஷ் பரீட்சைய எழுதிருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க, அதோட கட்டணம் அப்ப இதவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, யார் கட்டுறது. அன்னைக்கு வீட்டுக்கு ஃபோன் பண்ணல, ரிசல்ட் இன்னும் வரலன்னு ரெண்டு நாள் பொய் சொன்னேன்.

எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு இல்ல. ஸ்பெல்லிங் ஓகே, கிராமர் ஓரளவு ஓகே. என்னை கவுத்தது வாக்கியத்தோட முதல் வார்த்தை. சொன்னா சிரிப்பீங்க. கோச்சிங்ல முதல் நாளே ஒரு ஜெராக்ஸ் குடுத்தாங்க, அதுல அறுபது வார்த்தை. மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவெவர், நெவர்தலெஸ், ஹென்ஸ், கான்ஸிக்வன்ட்லி, லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்னு போகும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இதுல ஒண்ண வச்சுத்தான் ஆரம்பிக்கணும், எக்ஸாமினர் எண்ணி எண்ணி மார்க் போடுவாருன்னு சார் சொன்னாரு. அதோட அண்ட், பட் இதுங்கள வச்சு வாக்கியம் ஆரம்பிச்சா தப்புன்னும் சொன்னாரு. நானும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். நாலு பாராவுக்கும் ஆரம்பம் ரெடியா இருக்கும், நௌவடேஸ்னு தொடங்கி அட் லாஸ்ட்னு முடிப்பேன், நடுவுல என்ன விஷயம்னுதான் அப்பறம் யோசிப்பேன். தாலி ரெடி, மண்டபம் ரெடி, மாப்பிள்ளைய மட்டும் தேடிட்டு இருந்த கதை.

இத கண்டுபிடிச்சது ரூம்மேட் சேச்சி. கோட்டயத்துக்காரங்க, எனக்கு முன்னாடியே ரைட்டிங்ல 7 வாங்கி வச்சிருந்தாங்க. என் ப்ராக்டீஸ் கட்டுரை ஒண்ண கேட்டாங்க, அரசு ஆஸ்பத்திரில எல்லா சிகிச்சையும் இலவசமா குடுக்கணுமாங்கற தலைப்பு. படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. யூனிஃபார்ம் பாக்கெட்ல இருந்த பழைய ஈசிஜி பேப்பர நீளவாக்குல கிழிச்சு, ஒவ்வொரு வாக்கியத்தோட தலை வார்த்தை மேலயும் வச்சு மறைச்சாங்க. "மோளே, இனி வாயிச்சு நோக்கு"ன்னாங்க, இப்ப படிச்சுப் பாருன்னு. மொத்தம் 17 வாக்கியம், அதுல 13 அந்த ஜெராக்ஸ் வார்த்தைல ஆரம்பிக்குது. மறைச்சுட்டு படிச்சா ஒம்பது இடத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. நாலு இடத்துல முன்னவிட நல்லா புரியுது. அந்த நாலுதான் என்னை தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அங்கெல்லாம் அந்த வார்த்தை பொய் சொல்லிட்டு இருந்துச்சு. மோர்ஓவர்னு போட்டுட்டு முன்னாடி சொன்னதையே வேற வார்த்தைல திரும்ப சொல்லிருக்கேன். ஆன் தி அதர் ஹேண்ட்னு போட்டுட்டு அதே கட்சிய பேசிருக்கேன். ஹென்ஸ்னு போட்டுட்டு முன்வாக்கியத்துக்கு சம்பந்தமே இல்லாத ஒண்ண முடிவா எழுதிருக்கேன்.

தமிழ்ல இந்த தப்ப நம்ம செய்யவே மாட்டோம், யோசிச்சு பாருங்க. தரகர் வந்து "பையன் தங்கமான பையன், ஆனா..."ன்னு இழுத்தா, அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள அம்மாவுக்கு விஷயம் விளங்கிரும். "பையன் தங்கமான பையன், ஆனா கவர்மெண்ட் வேலை"ன்னு சொன்னா அந்தாளு லூசான்னு பாப்போம். அந்த ஆனாங்கறது அடுத்து என்ன வரும்னு கேக்குறவங்கள தயார் பண்ற வார்த்தை. இங்கிலீஷ்லயும் அதே வேலைதான் நடக்குது, நான்தான் அத நெத்தில வைக்கிற பொட்டு மாதிரி நினைச்சுட்டேன், அழகுக்குன்னு.

இன்னொரு தப்பு ரொம்ப நாளா எனக்கே தெரியாம இருந்துச்சு. ஆல்தோன்னு ஆரம்பிச்சு நடுவுல பட் போடுறது. ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட். அதே மாதிரி பிகாஸ்ல ஆரம்பிச்சு நடுவுல ஸோ. ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும். ஏன் நமக்கு இது வருதுன்னு நானே ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கேன், சரியான்னு தமிழ் வாத்தியாருங்கதான் சொல்லணும். நம்ம மொழில இணைக்கிற வேலை வினையோட வால்ல இருக்கு. பெஞ்சாலும், பெஞ்சதால, பெஞ்சா, பெஞ்சப்பன்னு வால மாத்துனா போதும், ரெண்டு வாக்கியமும் ஒட்டிக்கும். அந்த ஒட்டு ரெண்டுக்கும் நடுவுல விழுது. இங்கிலீஷ்ல அத தலைல கொண்டுபோய் வைக்கிறான். ஆல்தோன்னு தலைல சொல்லிட்டு பாதி தூரம் வந்தா, நம்ம காது பழக்கத்துக்கு நடுவுல ஒட்டு எங்கன்னு தேடுது, கை தானா ஒரு பட் போட்டுருது. எழுதி முடிச்சதும் ஆல்தோ, ஈவன் தோ, பிகாஸ், சின்ஸ் எங்கெல்லாம் தலைல நிக்குதோ அங்க மட்டும் போய் நடுவுல பட், ஸோ இருக்கான்னு பாப்பேன். ரெண்டு நிமிஷ வேலை.

ஹவெவர் அதவிட மோசம். பாக்க பட் மாதிரியே இருக்கும், அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா ஜாதி வேற. பட் ஒரு இணைப்புச் சொல், ரெண்டு வாக்கியத்த ஒரு கமா போட்டு சேத்துரும். ஹவெவர் அட்வெர்ப், அதுக்கு ஒட்டுற சக்தியே கிடையாது. ஐ ஸ்டடீட் ஹார்ட், ஹவெவர் ஐ ஃபெயில்டுன்னு கமா போட்டு எழுதுனா தப்பு, முன்னாடி முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேணும், பின்னாடி கமா வேணும். இத எப்படி ஞாபகம் வச்சுக்கறதுன்னு சேச்சி ஒரு வழி சொன்னாங்க, இது ஒண்ணுக்கே அவங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். அந்த வார்த்தைய தூக்கி வாக்கியத்துக்கு நடுவுலயோ கடைசிலயோ வச்சு பாரு. ஐ ஃபெயில்டு, ஹவெவர். நிக்குதா? அப்ப அது அட்வெர்ப். ஐ ஃபெயில்டு, பட்னு முடிச்சா தொங்குது இல்ல, அப்ப அது இணைப்புச் சொல். தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ் எல்லாத்துக்கும் இதே சோதனை செல்லும். என் பழைய கட்டுரைகள எடுத்து எண்ணுனேன், ஹவெவர்க்கு முன்னாடி கமா மட்டும் போட்ட இடம் இருபத்தொண்ணு. இத்தனைக்கும் கோச்சிங்ல அந்தக் கட்டுரைகள்லாம் குட்னு டிக் அடிச்சு திரும்ப வந்ததுங்க.

அண்ட், பட்ல ஆரம்பிக்கக் கூடாதுங்கறதும் கட்டுக்கதை. சேச்சி கட்டிலுக்கு அடில இருந்து அவங்க பாட்டியோட பழைய இங்கிலீஷ் பைபிள எடுத்தாங்க, 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. ஆதியாகமம் முதல் அதிகாரம், 31 வசனம். ரெண்டு பேரும் விரல் வச்சு எண்ணுனோம். 29 வசனம் அண்ட்ல ஆரம்பிக்குது. மிச்சம் ரெண்டுல ஒண்ணு ஸோ. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, 14,000 ஞாபகமும் வந்துச்சு. அதுக்காக கட்டுரை முழுக்க அப்படி எழுதாதீங்க, அது எபிரேய மூலத்தோட நடைய அப்படியே பின்பற்றுனதாம். பரீட்சைல ஒரு இடம், ரெண்டு இடம் பட்ல ஆரம்பிச்சா யாரும் அடிக்க வரமாட்டாங்க, அவ்வளவுதான்.

அர்த்தமே தப்பா நான் போட்டுட்டு இருந்தது அட் லாஸ்ட். கடைசியாங்கறத அப்படியே அட் லாஸ்ட்னு எழுதிட்டு இருந்தேன். அதுக்கு அர்த்தம் அப்பாடா, ஒருவழியாங்கறது. மூணு மணி நேரம் காத்திருந்து பஸ் வந்தா அட் லாஸ்ட். முடிவுரைக்கு ஃபைனலி, லாஸ்ட்லி. அப்படின்னா என் கட்டுரை ஒவ்வொண்ணோட கடைசி பாராவும் "அப்பாடா, நான் முடிக்க விரும்புகிறேன்"னு ஆரம்பிச்சிருக்கு, படிச்சவருக்கும் அதே எண்ணம்தான் இருந்திருக்கும். ஆன் தி கான்ட்ரரியும் அப்படித்தான், அத ரெண்டு விஷயத்த ஒப்பிடுறதுக்கு போடக் கூடாது, முன்னாடி சொன்னத இல்லவே இல்லன்னு மறுக்கத்தான் போடணும். ஒப்பிட பை கான்ட்ராஸ்ட் இருக்கு.

இதெல்லாம் ரகசியமும் இல்ல, அதான் கடுப்பு. ரைட்டிங்குக்கு மார்க் போடுற அளவுகோல வெளிப்படையாவே வச்சிருக்காங்க. நாலு தலைப்பு, நாலுக்கும் சம பங்கு, அதுல ஒண்ணு கோஹீரன்ஸ் அண்ட் கொஹிஷன், அதாவது சொல்ற விஷயம் கோர்வையா ஒட்டி வருதாங்கறது. 6-க்கு நேரா இணைப்பு வார்த்தை போட்டிருக்காங்க, ஆனா தப்பாவோ மெக்கானிக்கலாவோ இருக்குங்கற மாதிரி எழுதிருக்கு. 9-க்கு நேரா என்ன தெரியுமா, ஒட்டு போட்டது கண்ணுக்கே தெரியக் கூடாதுங்கற மாதிரி. என் கட்டுரைல ஒட்டத் தவிர வேற எதுவும் கண்ணுக்கு தெரியல. முக்கா லட்சம் செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்த படிச்சிருந்தா போதும், நான் படிக்கல, சார் சொன்னத நம்பிட்டேன். நீங்க எந்தப் பரீட்சைக்கு பணம் கட்டுனாலும் முதல்ல மார்க் எப்படி போடுறாங்கன்னு படிச்சுருங்க.

ஆறு வாரம் வேற மாதிரி எழுதுனேன். முதல்ல ஒரு இணைப்பு வார்த்தை கூட இல்லாம கட்டுரைய முழுசா எழுதுறது, 250 வார்த்தை, நாப்பது நிமிஷத்துல முப்பது இதுக்கு. அப்பறம் மெதுவா வாய்விட்டு படிக்கிறது. எங்க மூச்சு தட்டுதோ, எங்க இது ஏன் இப்ப வந்துச்சுன்னு தோணுதோ, அங்க மட்டும் ஒரு வார்த்தை. பாராவுக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. மத்த இடத்துல திஸ், சச் போட்டு முன்வாக்கியத்த கைய பிடிச்சு இழுத்துட்டு வர்றது. ஆஸ்பத்திரில ரொம்ப நேரம் காத்திருக்காங்கன்னு ஒரு வாக்கியம் எழுதுனா, அடுத்தத திஸ் டிலேன்னு ஆரம்பிச்சா போதும், தானா ஒட்டிக்கும். ஆரம்பத்துல அம்மணமா நிக்கிற மாதிரி இருந்துச்சு, ஏதோ குறையுதேன்னு கை பரபரக்கும். 2024 தொடக்கத்துல நாலாவது தடவ எழுதுனேன். 6.5. ஏழு எட்டெல்லாம் இல்ல, 6.5தான். ஹாஸ்டல்ல அன்னைக்கு கத்துன கத்துல வார்டன் மாடி ஏறி வந்துட்டாங்க.

சரி, பரீட்சையோட தொல்லை தீந்துச்சுன்னுதான் ஃப்ளைட் ஏறுனேன். வட இங்கிலாந்துல ஒரு சின்ன ஊரு, வயசானவங்க வார்டு. அங்க போனா மோர்ஓவர்னு ஒரு மனுஷன் கூட பேசல. அங்க வேற வார்த்தைங்க, அதுலயும் தலை வார்த்தைலதான் அடி வாங்குனேன். நம்ம ஊர்ல எதுக்கும் ஆக்சுவலி போடுவோம்ல, தொண்டைய கனைக்கிற மாதிரி. வார்டு சிஸ்டர் நாலாம் பெட் சாப்ட்டாரான்னு கேப்பாங்க, ஆக்சுவலி ஹீ ஏட்னு சொல்லுவேன். அவங்க முகம் ஒரு மாதிரி ஆகும். ஒரு மாசம் கழிச்சு ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் ஒரு அம்மா டீ குடிக்கறப்ப சொன்னாங்க, லவ் (நம்ம கண்ணுங்கற மாதிரி), நீ எப்பவும் எங்கள திருத்துற மாதிரியே பேசுறியேன்னு. அங்க ஆக்சுவலின்னு ஆரம்பிச்சா நீ நினைக்கிறது தப்பு, உண்மை இதுன்னு காதுல விழுது. நான் சும்மா வாய் பழக்கத்துல சொன்னது. ஆப்வியஸ்லி இன்னும் ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் தண்ணி குடுக்கலன்னு ஒரு பேஷண்டோட மகன் கேட்டப்ப ஆப்வியஸ்லின்னு ஆரம்பிச்சு விளக்குனேன். இது கூட தெரியாதா உனக்குன்னு நான் கேட்டதா அவர் சிஸ்டர்கிட்ட போய் சொல்லிட்டாரு. அன்னைக்கு ஸ்டோர் ரூம்ல போய் அழுதேன்.

ராத்திரி டாக்டர கூப்புடறப்ப ஸோ, பேசிக்கலின்னு ஆரம்பிக்கிற பழக்கம் இருந்தா இப்பவே விட்டுருங்க. எஸ்பிஏஆர்னு ஒரு முறை இருக்கு, இப்ப என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேணும், இந்த வரிசை. அதுல பேசிக்கலிக்கு இடமே இல்ல, அந்த வரிசையே ஒட்டு. ஹோப்ஃபுலியையும் ஜாக்கிரதையா போடுங்க. இத வாக்கியத்துக்கு தலைல போடுறது சரியா தப்பான்னு அவங்களுக்குள்ளயே பல வருஷம் சண்டை நடந்து, 2012-லதான் அமெரிக்காவோட ஏபி செய்தி நிறுவனத்தோட நடைக் கையேடு ஒத்துக்கிச்சு. இலக்கணம் எப்படியோ போகட்டும், டாக்டர் இன்னைக்கு வருவாரான்னு பேஷண்ட் கேட்டு நான் ஹோப்ஃபுலின்னா நம்ம மனசுல அது வருவாரு, அவங்க காதுல அது வரமாட்டாரு போலிருக்கு.

எனிவேங்கற வார்த்தையோட கதைய சொல்லியே ஆகணும். பக்கத்து வீட்டு பாட்டி வாசல்ல நின்னு பேசிட்டே இருப்பாங்க, நடுவுல எனிவேன்னு நிறுத்துவாங்க. அடுத்த கதைக்கு போறாங்கன்னு நினைச்சு நான் புதுசா ஒண்ண ஆரம்பிப்பேன். குளிருல அவங்க நடுங்கிட்டு நிப்பாங்க பாவம். அது நம்ம "சரி அப்ப"தான்னு எனக்கு உறைக்க ரெண்டு மாசம் ஆச்சு. அம்மாகிட்ட ஃபோன் பேசறப்ப "சரி... அப்பறம்"னு இழுத்தா விஷயம் தீந்துருச்சு, "சரி அப்ப"ன்னா வைக்கப் போறாங்கன்னு நமக்கு யாராவது சொல்லியா குடுத்தாங்க? அந்த மாதிரிதான் அவங்களுக்கு எனிவே. எந்த ஜெராக்ஸ்லயும் இது கிடையாது.

இதெல்லாம் தாண்டி என்னை இன்னைக்கும் உறுத்துறது அன்ஃபார்ச்சுனேட்லி. 80 தாண்டுன ஒரு தாத்தா, மறுநாள் காலைல டிஸ்சார்ஜ். ராத்திரி எட்டு மணி வாக்குல அவர கூட்டிட்டு போற வண்டி இல்லன்னு தகவல் வந்துச்சு, அவர் மகளுக்கு சொல்லணும். மரியாதையா சொல்லணும்னு மனசுல வாக்கியத்த தயார் பண்ணிட்டு ஃபோன் போட்டேன். வார்டு பேர் சொன்னேன், உங்க அப்பா விஷயமா பேசறேன்னு சொன்னேன், அன்ஃபார்ச்சுனேட்லின்னு ஆரம்பிச்சேன். அந்த நேரம் பாத்து ஆறாம் பெட்ல பெல் அடிச்சுது, திரும்பிப் பாத்து ஒரு ரெண்டு செகண்ட் நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்துச்சு. அழுகைன்னு சொல்ல முடியாது, மூச்ச உள்ள இழுத்த சத்தம், அப்பறம் ஃபோன் எங்கயோ விழுந்த சத்தம். எனக்கு கை கால் ஆடிருச்சு. நோ நோ, ஹீ இஸ் ஃபைன், ஹீ இஸ் ஃபைன்னு கத்துறேன், லைன்ல யாரும் இல்ல. அவங்க ஃபோன திரும்ப எடுக்க அரை நிமிஷம் ஆயிருக்கும். ராத்திரில ஆஸ்பத்திரில இருந்து ஃபோன் வந்து, அந்த வார்த்தைல ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் அதத்தான் நினைப்பாங்க. ஒரு வண்டி வரலங்கறதுக்கு போட்ட வார்த்தை அது.

இப்ப வீட்டுக்கு ஃபோன் பண்ணா வார்டு பேருக்கு அடுத்து, யுவர் டாட் இஸ் ஓகே, அதுக்கப்பறம்தான் மிச்சம். புதுசா வர்ற நம்ம பிள்ளைங்களுக்கு முதல் வாரமே இத சொல்லிருறேன். உண்மையிலயே கெட்ட செய்தின்னா அத ஃபோன்ல யார் சொல்லணும், எப்படி சொல்லணும்னு வார்டுல முறை இருக்கு, நீங்களா ஆரம்பிக்காதீங்க.

அந்த மகள் ரெண்டு நாள் கழிச்சு வந்து அப்பாவ கூட்டிட்டு போனாங்க. நான் மன்னிப்பு கேட்டேன், பரவால்லன்னு கைய தட்டிக் குடுத்தாங்க. வீல்சேர தள்ளிட்டு லிஃப்ட் வரைக்கும் போய் திரும்பிப் பாத்து, யூ கேவ் மீ எ ஃப்ரைட், தோன்னு சொல்லி சிரிச்சாங்க. ஆல்தோல பாதி அந்த தோ. கடைசில வந்து ஒட்டிக்கிட்டு, மன்னிச்சுட்டேன் ஆனாலும் பயமுறுத்திட்டடின்னு சொல்லிட்டு போச்சு.